ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி

முதியோர் குடியிருப்பில் இருளாண்டிக்கு ஒற்றை அறை. மேல்தளம் உளுத்துப்போய் ஃபேன் கொக்கி ஆடியது. நடையாய் நடந்து கேட்டதற்கு, வீட்டுக்காரர் பொன்னுரங்கம் வெடிப்பின் மேல் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்துவிட்டார். அவ்வளவுதான் ரிப்பேர்!

இருளாண்டி புகார் கொடுத்தார். விசாரிக்க அதிகாரியம்மா வருகிற அன்று, காலையிலேயே வந்து மிரட்டினார் பொன்னுரங்கம்.

"ஒரு குறையும் இல்லைன்னு சொல்லணும். இல்லாட்டி சாயங்காலமே உன் சாமானெல்லாம் தெருவுல கிடக்கும்!"

"அப்படியே சொல்லிடறேங்கய்யா."

சொன்னபடியே அதிகாரியம்மாவிடம், "ராஜா மாதிரி இருக்கேன் தாயி, ஒரு குறையும் இல்லை" என்றார் இருளாண்டி. பொன்னுரங்கத்துக்கு வாயெல்லாம் பல். இருளாண்டி அறை நடுவில், ஃபேனுக்குக் கீழே எடுத்துப் போட்ட நாற்காலியில் பொன்னுரங்கம் ஜம்மென்று உட்கார்ந்தார். சித்திரை வெயில், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஐயாவுக்கு இப்படி வேர்க்குதே!" என்று பதறிப்போய் ஃபேன் சுவிட்சில் கை வைத்தார் இருளாண்டி.

"யோவ், போடாதே! கொக்கி பிடுங்கிட்டு என் தலையில விழும்!" ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு வெளியே நின்றார் பொன்னுரங்கம்.

அதிகாரியம்மா அண்ணாந்து பார்த்தார். "நாளைக்கே உங்க செலவுல தளத்தைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் பெரியவர் உங்க வீட்டுல இருப்பார்."

"பயப்படாம உள்ளே வாங்கய்யா" என்ற இருளாண்டி, மடியிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினார். "காலையில நீங்க அந்தப் பக்கம் போனதுமே கழட்டிட்டேன்."