விருதுப் பலகை மாட்டிய இடம்

முப்பத்திரண்டு பளிங்குப் படிகளுக்காக ஓர் அரசு அலுவலகத்துக்குச் சிறந்த கட்டட விருது கொடுத்தார்கள். எந்த அலுவலகம் என்கிறீர்கள்? மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் சடகோபன், விருதுப் பலகையை பியூன் வைரக்கண்ணுவிடம் நீட்டினார்.

"ஜனங்க அதிகமா இருக்கிற இடமாப் பார்த்து மாட்டுய்யா. எல்லார் கண்ணுலயும் படணும்."

விருதுக்கான பாராட்டு விழாவன்று அவர் வந்து பார்த்தால், பலகை வாசலுக்கு வெளியே புங்கமரத்தில் தொங்கியது. மர நிழலில் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக நாற்பது பேர் மனுவோடு காத்திருந்தார்கள்.

"மரத்துலயா மாட்டுவ?"

"இவங்க யாரும் மேல வந்ததில்லீங்க. ஆபீசர்தான் இறங்கி வந்து இங்க மனு வாங்குறாரு. அப்ப ஆபீஸ் இதுதானுங்களே."

சடகோபன் படிகளைப் பார்த்தார். பிறகு மரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என் வரைபடத்துல இந்த மரத்தை வெட்டச் சொல்லியிருந்தேன்" என்றார்.