மணியக்காரர் வைத்த குங்குமப் பொட்டு

வெகு காலத்துக்கு முன்னால் ஓர் ஊரில் ஓர் அரசர் இருந்தார் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. சுணைப்பாடிக்கு அரசர் வாய்க்கவில்லை. செங்கோடன் என்ற மணியக்காரர்தான் வாய்த்தார், என்ன செய்வது, கேளுங்கள்.

அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாச் சந்தையில் முறம், அகப்பை, மண்பானை எல்லாம் கையால் செய்து விற்பார்கள். பானையை விரலால் சுண்டி, கணீரென்று ஒலித்தால்தான் வாங்குவார்கள். கடைசி நாள், யார் பானை முதலில் பொங்குகிறதோ அவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். செங்கோடனுக்கு அந்த மரியாதை ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அந்தக் கவலையில் சோறே இறங்கவில்லை என்பார். வயிற்றைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

அந்த ஆண்டு அவருடைய மனைவியின் தம்பி மாரப்பன் சந்தையில் கடை போட்டான். முந்தின மாதம்வரை மண்ணையோ மூங்கிலையோ தொட்டறியாதவன். ஆனாலும் மைத்துனன் அல்லவா?

"நான் குங்குமம் வெச்ச சாமான்தான் நல்ல சாமான். அதைச் சுண்டிப் பாக்கறது எம்மூஞ்சில சுண்டற மாதிரி" என்று மணியக்காரர் தண்டோரா போடச் சொன்னார். மாரப்பன் கடையில் மட்டும் பொட்டு மழையாகப் பொழிந்தது.

ஊரார் பயபக்தியோடு வாங்கினார்கள். முறத்தில் புடைத்தால் அரிசி அடியில் ஒழுகியது. "கோழிக்கும் வேணுமில்லீங்க" என்றார்கள். அகப்பையின் பிடி தனியாகக் கழன்று வந்தது. "கழுவறதுக்குச் சௌகரியமுங்க" என்றார்கள். பானையையும் சுண்டாமலே வாங்கினார்கள்.

கடைசி நாள் பொங்கல் வைக்க, மணியக்காரரும் மாரப்பன் செய்த பொட்டுப் பானை ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒருதடவ சுண்டிப் பாத்துருங்க" என்றாள் அவர் மனைவி நாச்சாயி.

"நான் வெச்ச பொட்ட நானே சந்தேகப்படறதா?" என்று அடுப்பை மூட்டினார். நாச்சாயி தனக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லி, பக்கத்தில் பொட்டு இல்லாத பானை ஒன்றை ஏற்றினாள்.

மணியக்காரர் பானை பொங்கவில்லை, பிளந்தது. பாலும் அரிசியும் இறங்கி அடுப்பை அணைத்தன. அவருக்கு மரியாதை செய்வதுபோல மற்றப் பொட்டுப் பானைகளும் ஒவ்வொன்றாகப் பிளந்தன. நாச்சாயி பானை மட்டும் நுரைத்துப் பொங்கியது.

பூசாரி பரிவட்டத்தோடு வந்தார். செங்கோடன் ஆசையில் தலையைத் தாழ்த்தினார். பூசாரி அவரைச் சுற்றிக்கொண்டு போய் நாச்சாயி தலையில் கட்டினார்.

"ஏம்புள்ள, எனக்குத் தெரியாம பானையச் சுண்டிப் பாத்தா வாங்குன?" என்றார் மணியக்காரர்.

"மாரப்பங்கூடப் பொறந்தவ நானுங்க. அவன் கைவேல எனக்குத் தெரியாதா?"

மறு ஆண்டு சந்தை முழுக்கச் சுண்டுகிற சத்தம்தான். குங்குமம் பழையபடி அம்மன் நெற்றிக்கே போய்ச் சேர்ந்தது.

வேண்டியவன் செய்தது என்பதற்காக மட்டமான பொருளை நல்லது என்று சொன்னால், அது உடைகிற அன்று சொன்னவர் வாக்கும் சேர்ந்தே உடையும்.