மிஞ்சிய ஒரு தினை

பெரிய புயல் அடித்த வருஷம், பள்ளிக்கூடத்து முகாமில் எனக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்த ஞானசௌந்தரி அக்கா சொன்ன கதை இது, பிள்ளைகளே. அன்றைக்கு எங்களுக்குச் சோற்றுப் பொட்டலம் வரவில்லை.

ஒரு காட்டில் ஒன்பது எறும்புப் புற்றுகள் இருந்தன. மழைக்கு முன்னால் எல்லா எறும்புகளும் சேர்ந்து தினை பொறுக்கும். ஒரே குவியலாகக் கொட்டி, சமமாகப் பங்கு வைத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோகும். ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் சண்டை வரும் என்று பயம்.

அந்த வருஷம் விளைச்சல் இல்லை. ஆண்டவன் படியளந்தது ஆயிரத்து ஒன்பது மணிதான்.

நேர்மையில் பிடிவாதம் பிடித்த கட்டெறும்பு பங்கு வைத்தது. புற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று மிஞ்சியது.

"முதலில் இரண்டாகப் பிரிப்போமே, அண்ணே" என்றது ஓர் எறும்பு.

பிரித்தார்கள். ஒன்று மிஞ்சியது. மூன்றாக்கினார்கள், ஏழாக்கினார்கள். அப்போதும் அதே ஒன்று.

வானம் கறுத்தது. படித்த பெருமை கொண்ட வண்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"ஆகா! இது பகா எண் ஐயா! ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மிச்சமில்லாமல் வகுபடாது. இவ்வளவு பெரிய எண்ணுக்கு எவ்வளவு வீம்பு பாரும்!"

"சரி, நாங்கள் என்ன செய்வது?"

"ரசிக்க வேண்டியதுதான்!"

குவியல் ஓரத்தில் ஒரு நொண்டி எறும்பு, தன் முட்டையை அணைத்தபடி நின்றது.

"அண்ணா, நானும் உங்களோடுதான் பொறுக்கினேன். அந்த ஒன்றை எனக்குக் கொடுத்தால் உங்கள் பங்கும் சரியாகிவிடும். என் பிள்ளைக்கு வேறு எதுவும் இல்லை."

"நீ எந்தப் புற்று?"

"போன மழையில் கரைந்துபோச்சு அண்ணா."

"புற்றில்லாதவர் கணக்கில் வரமாட்டார், தங்கச்சி. கொடுத்தால் ஒன்பது புற்றுக்கும் துரோகம் செய்த பாவம் எனக்கு." கட்டெறும்பு மென்மையாகத்தான் சொன்னது. அந்த ஒரு மணியை ஓர் உயரமான கல்லின் மேல் வைத்துவிட்டு, "எங்கோ தப்பாக எண்ணியிருக்கிறோம். இதையும் சேர்த்து முதலிலிருந்து எண்ணுங்கள்" என்றது.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கியது. வண்டு பறந்துவிட்டது. எறும்புகள் வெறுங்கையோடு புற்றுக்குள் ஓடின. நொண்டி எறும்பு கல்லின் மேல் ஏறியது. மழை நாள் கணக்கில் விடவில்லை. புற்றுகளுக்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பசியில் அடங்கின.

வெயில் வந்தபோது மிச்சமிருந்தவை வெளியே வந்தன. குவியல் இருந்த இடத்தில் சேறு. கல்லின் மேல் மட்டும் அந்த ஒரு தினை அப்படியே இருந்தது. பக்கத்தில் நொண்டி எறும்பு, முட்டையை அணைத்தபடி, செத்துக் கிடந்தது. கொடுக்காததை அது தொடவில்லை.

ஒன்பது புற்றின் பசியும் அந்த ஒரு மணியைச் சுற்றி நின்றது. பிரிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

நீதி: கணக்கு இடித்தால், யாரை எண்ணாமல் விட்டோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்று சாப்பிட உட்காரும் முன், வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், கண்ணுகளா.