வேம்பி முடைந்த ஏரி

முன்னொரு காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு. அங்கே நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் கேளுங்கள். முதலில், மீன்பிடிக்கும் வலைஞர்கள் வெட்டிய ஏரியைத் தன்னுடையது என்றான் அரசன். அடுத்து, அவர்கள் படகுகளைக் கரையில் கட்டிப்போட்டான். அதற்கும் அடுத்து, "வெட்டியது யார் ஐயா?" என்று கேட்ட சடைச்சி என்ற பெண்ணை, ஒரு மந்திரவாதியை ஏவி ஏரிக்குள் அமிழ்த்தினான்.

அவளுக்கு மேலே ஆகாயத்தாமரைக் களை படர்ந்தது. "கடைசித் தண்டு ஒழியும்வரை இவள் வரமாட்டாள்" என்று சிரித்தான் மந்திரவாதி.

சடைச்சியின் தங்கை வேம்பி விடவில்லை. வெட்டினாள், ஒன்று இரண்டாய் முளைத்தது. எரித்தாள், பனி நனைத்த சாம்பலில் முளைத்தது. கூடையாக முடைந்தாள், விடிந்ததும் கூடை பூத்திருந்தது.

களைக்குள் சிக்கியிருந்த ஆமை கேட்டது: "என்ன வேம்பி, கூடையில் தோட்டம் போட்டாயா?"

"கிண்டலை விடு. கைப்பிடி மட்டும் ஏன் துளிர்க்கவில்லை?"

வேம்பி கைப்பிடியைத் தடவினாள், முகர்ந்தாள், ஒடித்துப் பார்த்தாள்.

"அதை எப்படி முடைந்தாய்?" என்றது ஆமை.

"வெயிலில் காய்ந்து கிடந்த தண்டில். மற்றதையெல்லாம் நனைத்து முடைந்தேன். முடிச்சு இறுக வலைநூலை நனைப்போமே, அந்தக் கைப்பழக்கம்."

"நீயே தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு என்னைக் கேட்கிறாய்."

வேம்பி தண்டுகளைச் சருகாகக் காயவைத்து முடைந்தாள். துளிர்க்கவில்லை. ஊரே கூடியது. பாய் முடைந்தது, கூடை முடைந்தது, தொப்பி முடைந்தது. மந்திரவாதி ஓடிவந்து மந்திரம் சொல்லிப் பார்த்தான். காய்ந்த பாய் காய்ந்தபடியே கிடந்தது.

கடைசித் தண்டையும் பிடுங்கிக் காயவைத்து முடைந்ததும் நீர் விலகியது. சடைச்சி எழுந்து வந்தாள்.

"பசிக்குதடி" என்றாள் தங்கையிடம்.

மந்திரவாதி நழுவப் பார்த்தான். "நான் கூலிக்காரன் அம்மா. மாமன்னர் சொன்னார், செய்தேன்."

"மாமன்னர் என்றால் யார்?" என்றாள் வேம்பி.

அரசன் பெயரை உச்சரித்தால் நாக்கு போகும் நாடு அது. ஆனாலும் வேம்பி ஊரார் தீர்ப்பை ஓலையில் எழுதி, அரண்மனைத் தண்டோராக்காரனிடமே நீட்டினாள்.

"இதுவரை மாமன்னர் பட்டங்களைக் கூவினீரே அண்ணே, இதையும் படியும்."

புதுப்பாய்களில் ஊர் உட்கார்ந்திருந்தது. வேல்களை ஊன்றிவிட்டுச் சிப்பாய்களும் உட்கார்ந்தார்கள். தண்டோராக்காரன் ஓலையைப் பிரித்துப் படித்தான்:

"ஏரி இனி வெட்டியவர்களுக்கே. அதைத் திருடியவன் பெயர், உக்கிரகேது."