வாய் படாத தண்ணீர்

"அம்மா, நம்மாளுங்களுக்குப் புதுசா யோசிக்கிற மூளையே கிடையாது."

பினாங்கில் தண்ணீர்க் குடுவை செய்து விற்கும் முத்தழகன், குன்றின் மேலிருந்த மடத்துக்கு மூச்சு வாங்க ஏறி வந்ததும் சொன்னது இதுதான். மடத்தை நடத்தும் பூரணி அம்மா வயதில் அவரைவிட மிகவும் சிறியவர். ஆனாலும் குரு குருதான்.

"வேற யாருக்கு இருக்குதாம்?"

"சீனக்காரர் லிம்முக்கு இருக்கு. அவர் வீட்ல எந்நேரமும் சுடுதண்ணிதான். தேயிலை போட வாய் அகலமா, நாளெல்லாம் சூடு ஆறாத குடுவை செஞ்சாரு. மலாய்க்கார ஹலிமாவுக்கு இருக்கு. விருந்தாளி உட்கார்ந்த இடத்துலயே கை கழுவணும்னு சிந்தாத கெண்டி செஞ்சாங்க. ரெண்டும் சக்கைப்போடு போடுது."

"நீங்க?"

முத்தழகன் பையிலிருந்து தன் குடுவையை எடுத்து வைத்தார். அச்சு அசல் லிம்முடையதேதான். வாங்கத்தான் ஆளில்லை. அடுத்த மாதச் சந்தையிலும் போணியாகாவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான் என்றார்.

பூரணி அம்மா எழுந்தார். குடுவையில் குளிர்ந்த நீரை நிரப்பி, முற்றம் பெருக்கிக் களைத்திருந்த சீடர்களிடம் நீட்டினார்.

முதல் சீடர் அண்ணாந்து ஊற்றினார். பாதி மூக்கில் போயிற்று. அடுத்தவருக்குச் சட்டை நனைந்தது. அதற்கடுத்தவர் புரையேறிக் கண் கலங்கினார்.

முத்தழகனுக்குப் பொறுக்கவில்லை. "வாய் வெச்சுக் குடிங்கப்பா. இதுகூடத் தெரியாதா?"

யாரும் வாய் வைக்கவில்லை.

"ஏறி வந்த தாகம் உங்களுக்கும் இருக்குமே, அண்ணே. குடிச்சுக் காட்டுங்க," என்றார் பூரணி அம்மா.

வாங்கிய கையோடு முத்தழகன் அண்ணாந்தார். கழுத்து, மார்பு, சட்டை எல்லாம் குளித்தன. சீடர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

"நீங்க ஏன் வாய் வைக்கலை?"

"அடுத்தவங்க குடிக்கணுமே, அம்மா."

சொன்னவர் குடுவையின் அகன்ற வாயை உற்றுப் பார்த்தார்.

"வாய் குறுகணும்," என்று முணுமுணுத்தார். "மூடியில ஒரு சின்ன மூக்கு. தண்ணி நூலா இறங்கணும். ஒரே குடுவை, ஒரு பஸ் ஜனம் குடிக்கலாம். அம்மா, இந்த அண்ணாந்து குடிக்கிற பழக்கம் நம்ம வீட்டுலதானே இருக்கு!"

அவருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஈரச் சட்டையோடு விறுவிறுவென்று படியிறங்கினார்.

"அண்ணே, குடுவையை விட்டுட்டுப் போறீங்க."

"அது லிம்மோடது, அம்மா," என்றார், திரும்பிப் பார்க்காமலே. "என்னோடதைச் சந்தையில வந்து பாருங்க."