சன்னாசியின் சுவிட்ச்

"டீச்சர், இந்தக் கரண்டு ஃபேனைக் கழட்டிப் போட்டுட்டு என் பழைய ஃபேனையே மாட்டிக் குடுங்க."

சன்னாசி வந்ததும் வராததுமாகச் சொன்னார். வணக்கம்கூட இல்லை.

போடியில் வண்டி ஒயரிங் பட்டறை வைத்திருக்கும் மெஹ்ருன்னிசாவுக்கு வயது முப்பத்திநான்கு. முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவள், அதனால் ஊருக்கே டீச்சர். சன்னாசிக்கு ஐம்பத்தெட்டு. இருபத்தொன்பது வருஷமாகப் போடிமெட்டு மலையேறி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப் டிரைவர்.

போன மாதம்தான் அவர் ஜீப்பில் பெல்ட்டில் ஓடிய இன்ஜின் விசிறியை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் விசிறியை அவள் மாட்டிக் கொடுத்தாள். ரேடியேட்டர் தண்ணீர் சூடேறினால் தானே சுற்றும். ஆறினால் தானே நிற்கும்.

"என்னண்ணே ஆச்சு?"

"பேட்டரியைக் குடிச்சே தீத்துருச்சு. ரெண்டு நாளா மேல செக்போஸ்ட்ல நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆகல. பொம்பளைங்க தோட்டத்துக்குப் போறதுக்குள்ள அங்க வேலைக்கு ஆள் பேர் எடுத்து முடிச்சுட்டாங்க. ரெண்டு நாள் வேலை போச்சு. நாளைக்கும் நின்னா வேற ஜீப்புல ஏறிருவோம்னு அவங்கள்ல பேச்சிங்கிறவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா."

தினமும் அவர் ஜீப்பில் ஏறுவது பதினோரு பெண்கள். அவர்கள் போய்விட்டால் ஜீப்பும் அவரும் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

டீச்சர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைச் சுவிட்ச். வீட்டுச் சுவரில் இருக்க வேண்டியது, தொங்கவிட்ட துண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"இது யாரு வச்சது?"

சன்னாசி தலையைச் சொறிந்தார். "நாந்தான்."

"எப்பப் போடுவீங்க?"

"சாவியைத் திருகுனதும்."

"எப்ப அணைப்பீங்க?"

"வீட்டுக்கு வந்துதான்."

"ஏண்ணே?"

"சத்தம் இல்லாட்டி வயித்தக் கலக்குது டீச்சர். பழைய ஃபேன் நின்னா பெல்ட்டு அறுந்துருச்சுன்னு அர்த்தம். பதினோராவது வளைவுல ஒரு தடவை அறுந்து, தண்ணி கொதிச்சு..." இடது கையைக் காட்டினார். முழங்கைவரை வெந்த தழும்பு.

டீச்சர் கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை வெட்டினாள். சுவிட்சைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள்.

"ஐயையோ, என்ன பண்றீங்க!"

"சூடு இல்லாட்டியும், இன்ஜின் நின்னாலும் இந்தச் சுவிட்சு ஃபேனை ஓட்டுது, பேட்டரியைக் குடிக்கறது இதுதான். ஏறி உக்காருங்க. ஸ்டார்ட் பண்ணிட்டு முள்ளை மட்டும் பாருங்க."

சூட்டைக் காட்டும் முள் கால்வாசிக்கு வந்தது. விசிறி சுற்றவில்லை. பாதியைத் தொட்டது. அப்போதும் சுற்றவில்லை. சன்னாசிக்கு வேர்த்துக் கொட்டியது. கையிலிருந்த சுவிட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். ஒயரில்லாத சுவிட்ச் டிக் டிக் என்றது. டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

முள் பாதியைத் தாண்டியது.

விர்ரென்று விசிறி சுற்றியது.

"சுத்துது!" என்று கத்தினார் சன்னாசி.

முள் இறங்கியது. விசிறி நின்றது.

"நின்னுருச்சு டீச்சர்! நின்னுருச்சு!"

"முள்ளு எங்க இருக்கு?"

"பாதிக்குக் கீழ."

"அப்புறம் அது எதுக்குச் சுத்தணும்?"

சன்னாசி கையிலிருந்த சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு ஜீப் மலையேறியது. சுவிட்ச் அவர் சட்டைப் பையில் இருந்தது.

பதினோராவது வளைவுக்குச் சற்று முன்னால் விசிறி நின்றது. கை தானாகப் பைக்குப் போனது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் விசிறி இரைச்சலில் கேட்காத சத்தம்.

குறட்டை.

கண்ணாடியில் பார்த்தார். பதினோரு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு ஜீப்பில் ஏறுவேன் என்ற பேச்சிதான் அதிகச் சத்தம்.

கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

செக்போஸ்ட்டில் நிறுத்தினார். சாவியைத் திருகினார். ஒரே திருகில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

பேச்சி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "வந்துட்டமாண்ணே?"

"இன்னும் இல்ல தாயி. நீ தூங்கு."