வெள்ளைத் தட்டில் உப்பு

பிச்சைக்கனிக்கு முதல் கெடுதல் செய்தவர் டாக்டர் ஜெபசிங். வேலையை விட்டு நிறுத்திய உப்பளத்துக் கங்காணிகூட அவருக்குப் பின்னால்தான்.

பிச்சைக்கனிக்குக் கண் பிரஷர். ஒரு கண் எப்போதோ அவிந்துவிட்டது. மறு கண்ணின் நரம்பையும் பாதி தின்றிருந்தது. அந்தக் கண்ணில்தான் ஜெபசிங் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார். "கிட்டத்துக்கும் தூரத்துக்கும் இனி கண்ணாடியே வேண்டாம் பெரியவரே" என்றார். அதன்பின் இரண்டு முறை வரப்புத் தெரியாமல் உப்புப் பாத்திக்குள் விழுந்தார் பிச்சைக்கனி. இனி வராதே என்றுவிட்டார் கங்காணி.

இன்று ஜெபசிங் பிச்சைக்கனியைத் தன் ஆசிரியை டாக்டர் சௌந்தரத்தின் முன்னால் உட்காரவைத்திருந்தார்.

"சார்ட்ல கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறார் மேடம். இருக்கிறதிலேயே உசந்த லென்ஸ். இலவசமா வச்சேன். என் தப்பு என்ன?"

"என்ன தொழில் பார்க்கிறார்?"

ஜெபசிங் கேஸ் சீட்டைப் புரட்டினார். "கூலி."

சௌந்தரம் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்தார். அதில் மூன்று சிட்டிகை உப்பு வைத்து நீட்டினார்.

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"சோதிக்கியளாம்மா? வெறுந்தட்டுல்லா."

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். நாக்கில் வைத்தார்.

"முப்பது வருசம் வாரியிருக்கேன். இப்பம் எனக்கே ஒளிஞ்சு விளையாடுது."

சௌந்தரம் ஜெபசிங்கைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணுக்கு வர்ற வெளிச்சமே ஒரு உழக்கு அரிசி. கிட்டத்துக்கு ஒரு பானை, தூரத்துக்கு ஒரு பானைனு பிரிச்சு உலை வச்சிருக்கே. சாதா லென்ஸ்னா ஒரே பானை. வாசிக்க மட்டும் கண்ணாடி போட்டிருப்பார்."

"சார்ட் நல்லா வாசிக்கிறாரே மேடம்."

"விடியுமுன்னே உப்பு வார்றவருக்கு வரப்பை யாரு கறுப்பு மையில அச்சடிச்சு வச்சிருக்கா?"

"எடுத்துட்டு மாத்திடலாமா?"

"மறுபடி கிழிச்சா மிச்ச நரம்பு தாங்குமா? எனக்குத் தைரியமில்ல."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"சீட்டுல கூலினு இருக்கிறதை அடிச்சிட்டு, தொழிலை எழுது."

"என்னன்னு எழுத, மேடம்?"

"என்னை ஏன் கேக்கறே?"

பிச்சைக்கனி காத்திருந்தார். எதிரே வெள்ளைச் சுவர். அதன்முன் ஜெபசிங்கின் வெள்ளைக் கோட்டு. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"தம்பி, நிக்கியளா, போயிட்டியளா?"